‘அப்போதே இறந்துவிட்டவளைப் போல’: 1856 மறுமணச் சட்டமும் நாவல்களில் வரும் கைம்பெண்களும்

இந்துக் கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம் 1856-இல் சொல்லிவிட்டது. ஆனால் 1873-இல் நூலாக வந்த பங்கிம் சந்திரரின் ‘விஷவிருட்சம்’ நாவலில் மறுமணம் செய்துகொண்ட கைம்பெண் நஞ்சுண்டு இறக்கிறாள். 1878-இல் நூலான ‘கிருஷ்ணகாந்தனின் உயில்’ நாவலில் மறுமணத்துக்கு ஆசைப்பட்ட கைம்பெண் துப்பாக்கியால் சுடப்பட்டு மடிகிறாள். பாடத்திட்டம் வழியாகவோ மொழிபெயர்ப்பு வழியாகவோ இந்தக் கதைகளை இன்று படிப்பவர்களுக்கு இயல்பாகவே ஒரு குழப்பம் எழுகிறது. சட்டம் கதவைத் திறந்த பிறகும் அந்தக் கதவின் வழியே சென்ற பெண்கள் கதைகளில் ஏன் உயிரோடு இருப்பதில்லை?

சமூகம் சட்டத்தை ஏற்கவில்லை, நாவலாசிரியர்கள் பழமையில் ஊறியவர்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது தவறன்று, பாதி மட்டுமே. மற்றப் பாதி அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு நாவல்களுக்குத் திரும்பினால், அவை திருமணத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கே வீட்டைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் உயிலைப் பற்றியும் பேசுவது தெரியும்.

முதலில் சில சொற்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இந்துக் கைம்பெண் ஒருத்திக்குச் சட்டப்படி என்ன கிடைத்தது என்பது அவள் எந்த ஊரில், எந்த வகைக் குடும்பத்தில் வாழ்ந்தாள் என்பதைப் பொறுத்தது. மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. மிதாட்சரம். தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பெரும்பகுதியில் நீதிமன்றங்கள் பின்பற்றிய உரைநூல் வழி இது. குடும்பம் பாகம் பிரியாமல் இருக்கும்போது கணவன் மகனின்றி இறந்தால், அவனுடைய பங்கு அவன் மனைவிக்கு வராது. உயிரோடு இருக்கும் பங்காளிகளிடமே அது தங்கிவிடும். அவளுக்கு உண்ண உணவும் உடுக்க உடையும் இருக்க இடமும், அதாவது ஜீவனாம்சம் மட்டுமே உண்டு.

2. தாயபாகம். வங்கத்தில் நடைமுறையில் இருந்த வழி இது. அங்கே மகனும் பேரனும் கொள்ளுப்பேரனும் இல்லாமல் கணவன் இறந்தால், கூட்டுக் குடும்பமாக இருந்தாலும் அவன் பங்கு மனைவிக்கே போகும். கைம்பெண்ணைப் பற்றிய நாவல்கள் வங்கத்தில் சொத்தைச் சுற்றியே பின்னப்பட்டதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். அங்கே கைம்பெண் பங்காளிகளுக்குச் சுமை மட்டுமல்லள், போட்டியாளரும் ஆவாள்.

3. ஆயுள்கால உரிமை. தாயபாகத்தின்படி வந்தாலும் சரி, பாகம் பிரிந்த மிதாட்சரக் குடும்பத்தில் வந்தாலும் சரி, கணவனிடமிருந்து வந்த சொத்தின் வருமானத்தை அவள் சாகும்வரை அனுபவிக்கலாம். கணவனின் ஈமக்கடன், அவன் வைத்துவிட்டுப்போன கடன் போன்ற அவசியத் தேவைகளுக்கன்றி விற்க முடியாது. அவள் இறந்ததும் சொத்து அவளுடைய வாரிசுகளுக்குப் போகாது. கணவனின் அடுத்த வாரிசுகளுக்குத் திரும்பும். ஆகவே அந்த வாரிசுகள் அவள் சாவுக்காகக் காத்திருப்பவர்கள் ஆகிறார்கள்.

பெண்களின் பழைய சொத்துரிமைகள் எவ்வாறு சுருக்கப்பட்டன என்பதை ராம்மோகன் ராய் 1822-இலேயே ஒரு சிறு நூலில் எழுதியிருந்தார். உடன்கட்டை ஏறுதல் தடை செய்யப்பட்டது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்துத்தான். சிதைப் பிரச்சினை தீர்வதற்கு முன்பே சொத்துப் பிரச்சினையும் பேசப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சட்டம் கொடுத்ததும் எடுத்ததும்

வங்கச் சீர்திருத்தவாதி ஈசுவர சந்திர வித்தியாசாகர் மறுமணத்துக்காக வாதிட்டபோது பராசர ஸ்மிருதியைக் கையில் எடுத்தார். கணவன் காணாமற்போனால், இறந்தால், துறவு பூண்டால், ஆண்மையற்றவனானால், சாதி இழந்தால் பெண் வேறு கணவனைக் கொள்ளலாம் என்று பொருள்படும் அதன் சுலோகத்தையும், கலியுகத்துக்கு உரிய நூல் பராசரமே என்ற மரபையும் இணைத்து அவர் வாதத்தை அமைத்தார். அவருடைய விண்ணப்பத்தில் கையொப்பமிட்டவர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு. ராதாகாந்த தேவ் தலைமையில் வந்த எதிர் விண்ணப்பத்திலோ முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் இருந்தன. அப்படியிருந்தும் 1856 ஜூலையில் பதினைந்தாம் எண் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று கல்கத்தாவில், அந்தச் சட்டத்தின் கீழ் முதல் திருமணம் நடந்தது.

ஏழே பிரிவுகள் கொண்ட சட்டம் அது. நமக்கு வேண்டியவை மூன்று:

1. முதற்பிரிவு: பெண் முன்பு மணமானவள் என்ற காரணத்தால் அவளுடைய மறுமணம் செல்லாததாகாது, அந்த மணத்தில் பிறக்கும் குழந்தைகள் முறையான குழந்தைகளே.

2. இரண்டாம் பிரிவு: இறந்த கணவனின் சொத்தில் ஜீவனாம்சமாகவோ வாரிசுரிமையாகவோ, மறுமணத்துக்கு வெளிப்படையான அனுமதி தராத உயில் வழியே வந்த ஆயுள்கால உரிமையாகவோ அவளுக்கு இருப்பவை எல்லாம், அவள் மறுமணம் செய்தவுடன், ‘அவள் அப்போதே இறந்துவிட்டதைப் போல’ முடிவுக்கு வரும். சொத்து கணவனின் அடுத்த வாரிசுக்குப் போகும்.

3. மூன்றாம் பிரிவு: மறுமணம் செய்துகொண்டவளின் முதல் கணவன்வழிக் குழந்தைகளுக்கு வேறு பாதுகாவலரை நியமிக்குமாறு இறந்த கணவனின் உறவினர்கள் நீதிமன்றத்தை அணுகலாம்.

இரண்டாம் பிரிவின் சொற்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவை என்னை உலுக்குகின்றன. வாழத் தொடங்கும் ஒரு பெண்ணைச் சட்டம் அந்தக் கணத்திலேயே இறந்தவளாக எழுதிவைக்கிறது. வீடு, சோறு, குழந்தை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் இழக்கத் துணிந்தவளே அந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியும். இழப்பதற்கு ஒன்றும் இல்லாத குழந்தைக் கைம்பெண்ணுக்கு அது உதவியது. நிலத்தை அனுபவித்துக்கொண்டு குழந்தைகளை வளர்த்து வந்த கைம்பெண்ணுக்கு அதே சட்டம் ஒரு விலையை நிர்ணயித்தது.

விலையின் அளவு

இந்தப் பிரிவு எவ்வளவு தூரம் பாய்ந்தது என்பதை இரண்டு நீதிமன்றப் போக்குகள் காட்டுகின்றன.

முதலாவது, அசாமிலிருந்து வந்த ஒரு வழக்கு. கணவனின் சொத்தை முறைப்படி அடைந்துவிட்ட கைம்பெண் ஒருத்தி, பிற்பாடு கற்பு தவறினாள் என்று குற்றஞ்சாட்டி, சொத்தைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடர்ந்தனர். ஒருமுறை வந்தடைந்த சொத்து, பின்னர் நடந்த ஒழுக்கத் தவறால் பறிபோகாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1873-இல் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது; அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் 1880-இல் அதை உறுதிசெய்தது. தீர்ப்பு அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது. அது நல்ல தீர்ப்பு. ஆனால் அதை 1856-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் முடிவு கொடுமையானது: மணமின்றி ஒருவனோடு வாழும் கைம்பெண் நிலத்தை வைத்துக்கொள்ளலாம், அவனையே மணந்துகொண்டால் நிலம் போய்விடும்.

இரண்டாவது, அறுத்துக்கட்டும், அதாவது மறுமணம் செய்துகொள்ளும், வழக்கமுள்ள சமூகங்களைப் பற்றியது. நாட்டின் பெரும்பான்மைச் சாதிகளில் மறுமணம் எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்கவில்லை. தமிழகத்து உழவர், கைவினையாளர் சமூகங்கள் பலவற்றில் ‘அறுத்துக் கட்டுவது’ காலங்காலமாக இருந்துவந்தது. இவர்களுக்குச் சட்டம் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. ஆனால் இரண்டாம் பிரிவு இவர்களையும் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி எழுந்தபோது நீதிமன்றங்கள் பிளவுபட்டன. வழக்கத்தின்படி மறுமணம் செய்பவள் சொத்தை இழக்கமாட்டாள் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் கூறியது. சென்னை உயர் நீதிமன்றம் 1877-இல் எதிர்த்திசையில் சென்றது. மறுமணம் செய்தவள் முதல் கணவனின் சொத்தை வைத்திருக்க முடியாது என்றது. பம்பாயும் கல்கத்தாவும் அதே பக்கம் நின்றன. உயர்சாதிக் கைம்பெண்ணின் துயரைத் தீர்க்க வந்த சட்டம், மறுமணத்தை இயல்பாகக் கொண்டிருந்த உழைக்கும் சமூகப் பெண்களிடமிருந்து சொத்தைப் பறிக்கும் கருவியாகவும் ஆனது. சீர்திருத்த வரலாறுகளில் இது உரிய அழுத்தத்தோடு சொல்லப்படுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

ரோகிணி திருடியது என்ன?

இப்போது நாவல்களுக்கு வரலாம். மறுமணம் பற்றிய முதல் இலக்கிய முயற்சிகள் சட்டத்தோடு கூடவே பிறந்தன. உமேஷ் சந்திர மித்ராவின் ‘விதவா விவாஹ நாடகம்’ 1856-லேயே வந்துவிட்டது. ஆனால் ஆழமான ஆவணம் என்று நான் எடுத்துக்கொள்வது பங்கிம் சந்திரரின் இரண்டு நாவல்களை. அவர் மறுமணத்துக்கு ஆதரவாளர் அல்லர். ‘விஷவிருட்ச’த்தின் நாயகி சூர்யமுகி எழுதும் கடிதம் ஒன்றில், விதவை மறுமணத்துக்காக நூல் எழுதிய வித்தியாசாகர் பண்டிதர் என்றால் மூடர் யார் என்று கேட்கிறாள். அதே சமயம் பங்கிம் சட்டம் படித்தவர், துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். குடும்பச் சொத்து எவ்வாறு மனிதர்களை நகர்த்துகிறது என்பதை அலுவல்முறையில் அன்றாடம் கண்டவர். அவருடைய கருத்து ஒரு பக்கம் இழுக்க, அவர் கண்டது கதையை இன்னொரு பக்கம் இழுக்கிறது.

‘விஷவிருட்ச’த்தின் குந்தநந்தினி தாய் தந்தையற்றவள். நகேந்திரநாத் என்ற பணக்காரரின் ஆதரவில் வளர்க்கப்பட்டு, மணமுடித்து வைக்கப்பட்டு, சில ஆண்டுகளில் கைம்பெண்ணாகிறாள். அவளுக்கு இரண்டாம் பிரிவால் இழப்பதற்கு எதுவும் இல்லை. நகேந்திரருடன் அவளுடைய மறுமணம் சட்டப்படி செல்லும். ஆனால் நகேந்திரருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள். அந்த மனைவியான சூர்யமுகியே திருமணத்தை நடத்திவைத்துவிட்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். கைம்பெண் மணக்கலாம் என்ற சட்டம், ஆண் எத்தனை பேரையும் மணக்கலாம் என்ற வழக்கத்தைத் தொடவில்லை. ஆகவே ஒரு பெண்ணுக்குக் கிடைத்த உரிமை இன்னொரு பெண்ணின் வாழ்வை உடைத்துக்கொண்டுதான் நிறைவேறுகிறது. வித்தியாசாகர் பலதார மணத்துக்கு எதிரான தம் இரு நூல்களை 1871-லும் 1873-லும் வெளியிட்டார். நாவல் தொடராக வந்து நூலானதும் இதே ஆண்டுகளில்தான். அவரை எள்ளிய அதே நாவல், அவருடைய அடுத்த போராட்டம் ஏன் தேவை என்பதற்குச் சான்றாகவும் நிற்கிறது.

‘கிருஷ்ணகாந்தனின் உயில்’ இன்னும் கூர்மையானது. ஹரித்ராகிராமத்து ஜமீன்தார் கிருஷ்ணகாந்தர் எழுதும் முதல் உயிலில் சொத்து அணாக்களாகப் பிரிகிறது. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து தேடிய சொத்து என்பதால், இறந்த தம்பியின் மகன் கோவிந்தலாலுக்கு எட்டணா, தம் மக்கள் ஹரலாலுக்கும் வினோதலாலுக்கும் மூன்று மூன்று அணா, மனைவிக்கு ஓரணா, மகள் சைலவதிக்கு ஓரணா. பதினாறு அணாவில் பெண்கள் இருவருக்குமாக வந்து சேர்ந்தது இரண்டணா. இந்தக் கணக்கில் மனநிறைவு கொள்ளாத ஹரலால் தந்தைக்கு எழுதுகிறான்: கல்கத்தாப் பண்டிதர்கள் விதவை மறுமணம் சாத்திரத்துக்கு உகந்தது என்கிறார்கள், தன் பங்கை எட்டணாவாக உயர்த்தாவிட்டால் ஒரு விதவையை மணந்துகொள்வேன் என்று. மறுமணச் சட்டம் இங்கே ஒரு மகன் தன் தகப்பனிடம் பங்கு பறிக்கும் மிரட்டலாக மாறியிருக்கிறது. அந்த விதவை யார், அவளுக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் பேச்சிலேயே இல்லை.

மிரட்டல் பலிக்காதபோது ஹரலால் அண்டை வீட்டுக் கைம்பெண் ரோகிணியிடம் வருகிறான். உயிலைத் திருடி, போலி உயிலை அதன் இடத்தில் வைத்தால் அவளை மணப்பதாக வாக்குக் கொடுக்கிறான். ரோகிணி கறுப்புக் கரைத் துணி உடுத்துகிறாள், கையில் வளையல் போட்டுக்கொள்கிறாள், வெற்றிலை போடுகிறாள் என்று பங்கிம் அவளை அறிமுகப்படுத்துகிறார். கைம்பெண்ணுக்கு ஆகாதவை என்று அவர் காட்டும் இந்தச் சின்னஞ்சிறு பொருள்களே அவளுடைய குற்றப்பத்திரிகை. அவள் உயிலைத் திருடுகிறாள். திருடி வந்ததும், திருடியை எப்படி மணப்பேன் என்று ஹரலால் கைவிரித்துவிடுகிறான். பிறகு கோவிந்தலாலின்மேல் காதல் கொள்ளும் அவள், அவனுக்குக் கேடு வரக்கூடாது என்று உண்மையான உயிலைத் திரும்ப வைக்கப் போய்ப் பிடிபடுகிறாள். முடிவில் கோவிந்தலாலோடு ஊரைவிட்டுப் போய், அவன் கையாலேயே சுடப்படுகிறாள்.

வாருணிக் குளத்தங்கரையில் குயில் கூவக் கேட்டு ரோகிணி அழும் இடத்தில் நாவல் நின்று மூச்சுவிடுகிறது. இளமையிலேயே கைம்பெண்ணாகும்படி தான் செய்த குற்றம் என்ன, மற்றவர்கள் அனுபவிக்கும் இன்பத்தில் தனக்கு ஏன் பங்கில்லை என்று அவள் மனம் கேட்கிறது. இந்தப் ‘பங்கு’ என்ற எண்ணம் தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லோருக்கும் அணாக்கணக்கில் பங்கு எழுதப்படும் கதையில், எந்த உயிலிலும் பெயர் ஏறாத ஒரே முக்கியப் பாத்திரம் அவள். அவளைக் கொன்ற முடிவு பிற்கால எழுத்தாளர் சரத்சந்திரரை உறுத்தியது. அவர் அதை வெளிப்படையாகவே குறைகூறினார். கிருஷ்ணகாந்தர் கடைசியில் தம்பி மகனைத் திருத்துவதற்காக அவன் பங்கை அவன் மனைவி பிரமரின் பெயருக்கு மாற்றி எழுதுகிறார். பெண்ணுக்குச் சொத்து கிடைக்கிறது; ஆனால் அது அவள் உரிமையாக அல்லாமல் அவள் கணவனுக்குத் தண்டனையாகக் கிடைக்கிறது, அவனை வீட்டைவிட்டு இன்னும் தள்ளியும் விடுகிறது.

உயிரோடு இருப்பதற்குச் சாட்சி

‘அப்போதே இறந்துவிட்டதைப் போல’ என்ற சட்டச்சொல்லுக்கு மிக நெருங்கி நிற்கும் கதை, தாகூர் 1892-இல் எழுதிய ‘ஜீவித ஓ ம்ருத’. காதம்பினி பிள்ளையில்லாத கைம்பெண்; கணவனின் அண்ணன் சாரதாசங்கர் வீட்டில், அவருடைய சிறு மகனிடம் உயிரையே வைத்து வாழ்கிறாள். ஒருநாள் மூச்சு நின்றுபோகிறது. சுடுகாட்டில் மழைநாள் இரவில் அவள் விழித்தெழுகிறாள். காவலிருந்தவர்கள் அஞ்சி ஓடிப்போய், எரித்துவிட்டோம் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு இருக்க இடமில்லை. தோழியின் வீட்டிலும் நிலைக்க முடியவில்லை. தான் தன்னுடைய பேய்தானோ என்று அவளே ஐயுறுகிறாள். குழந்தையைப் பார்க்கத் திரும்பி வரும்போது வீட்டார் அலறுகிறார்கள். கடைசியில் நீரில் விழுந்து இறந்து, தான் அதுவரை இறக்கவில்லை என்பதை அவள் நிறுவுகிறாள்.

இதில் மறுமணம் பற்றி ஒரு சொல் இல்லை. இருந்தாலும் இது கைம்பெண்ணின் சட்டநிலையை அப்படியே உருவகமாக்கிய கதை என்றே நான் வாசிக்கிறேன். கணவனும் இல்லாமல், பிள்ளையும் இல்லாமல், பிறந்த வீடும் இல்லாமல் இருக்கும் பெண் எந்த உறவின் வழியாக ஒரு வீட்டுக்குள் இருக்கிறாள்? பிறர் மனம் வைத்துத் தரும் இடத்தில்தான். அந்த மனம் விலகும் கணத்தில் அவள் உயிரோடு இருப்பதற்குக்கூட வேறு சாட்சி தேட வேண்டியதாகிறது.

அவளே மறுத்தாள்

கைம்பெண்ணைக் கொல்லாத நாவல்களும் இருந்தன. அவை வேறொரு வழியைக் கண்டன: வாய்ப்பு வரும்போது அவளையே மறுக்கச் செய்வது. கோவர்த்தன்ராம் திரிபாதி 1887 முதல் 1901 வரை நான்கு பாகங்களாக எழுதிய குஜராத்தி நாவல் ‘சரஸ்வதிசந்திர’வில், காதலித்தவனைப் பிரிந்து வேறொருவனுக்கு மனைவியான குமுத், கைம்பெண்ணான பிறகு பழைய காதலனை மீண்டும் சந்திக்கிறாள். தடையேதும் இல்லை, ஆயினும் அவள் விலகிக்கொள்ள, அவன் அவளுடைய தங்கை குசுமை மணக்கிறான். 1903-இல் நூலான தாகூரின் ‘சோக்கேர் பாலி’யில் விநோதினியும் தன்னை மணக்க முன்வரும் விஹாரியை மறுத்துக் காசிக்குப் போகிறாள். வாசகரைப் புண்படுத்தாமல் கைம்பெண்ணின் அறிவையும் ஆசையையும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுத இந்த முடிவு இடம்கொடுத்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் கதாசிரியர் எடுத்த முடிவு அவளுடைய துறவாகப் போற்றப்படும்போது, அவளுக்கு உண்மையில் வேறு என்ன வழி இருந்தது என்ற கேள்வி மறைந்துவிடுகிறது.

மதம் அனுமதித்தும் மரபு தடுத்த நிலை முஸ்லிம் சமூகத்திலும் இருந்தது. அங்கே மறுமணத்துக்குத் தடையில்லை. பிள்ளைகள் இருந்தால் கணவன் விட்டுச்சென்றதில் எட்டில் ஒரு பங்கு, இல்லையென்றால் நான்கில் ஒரு பங்கு மனைவிக்கு உண்டு. அப்படியிருந்தும் வட இந்தியாவின் மேட்டுக்குடி முஸ்லிம் குடும்பங்களில் கைம்பெண் மறுமணம் இழிவாகக் கருதப்பட்டது. நசீர் அகமது 1891-இல் ‘அயாமா’ என்ற உருது நாவலை எழுதியது இதை எதிர்த்துத்தான்.

அவள் வாயால் சொன்ன கதை

மராத்தி மொழி தொடக்கத்திலிருந்தே வேறு பாதையில் சென்றது. பாபா பத்மன்ஜி 1857-இல் வெளியிட்ட ‘யமுனா பர்யடன்’ இந்திய மொழிகளின் மிக முந்தைய நாவல்களுள் ஒன்று. கணவனோடு ஊர் ஊராகப் பயணம் செய்யும் யமுனா, போகுமிடமெல்லாம் கைம்பெண்களின் நிலையைக் காண்கிறாள். பிறகு தானும் கைம்பெண்ணாகிறாள். ஆசிரியர் கிறித்தவர் ஆனவர். கதையின் தீர்வும் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

முப்பதாண்டுகளுக்கு மேல் கழித்து ஹரி நாராயண் ஆப்டே ‘கர்மணூக்’ இதழில் தொடராக எழுதிய ‘பண் லட்சாத் கோண் கேதோ’, ‘ஆனால் யார் கவனிக்கிறார்கள்’ என்று பொருள்படும் நாவல், அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய மாற்றத்தைச் செய்தது. கதையைச் சொல்பவள் கைம்பெண்ணே. யமு என்ற அந்தப் பெண் தன் குழந்தைப் பருவத்தையும், படிக்கக் கற்றுக்கொடுத்த கணவனோடு மும்பையில் வாழ்ந்த குறுகிய காலத்தையும், அவன் இறந்தபின் கணவன் வீட்டுப் பெரியவர்கள் அவள் விருப்பத்துக்கு மாறாகத் தலையை மழிக்கச் செய்ததையும் தன் வாயாலேயே சொல்கிறாள். குந்தநந்தினியும் ரோகிணியும் பிறரால் பார்க்கப்பட்டவர்கள், யமு பார்ப்பவள். பார்ப்பவள் மாறியதும் கேள்வியும் மாறுகிறது: கைம்பெண்ணை என்ன செய்வது என்பது போய், எனக்கு ஏன் இதைச் செய்தீர்கள் என்பது வருகிறது.

இந்தத் தொடர் தொடங்கிய 1890-லேயே, சாதி எதிர்ப்பு அமைப்பான சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டேயின் முன்முயற்சியால் மும்பை நாவிதர்கள் கூடி, இனிக் கைம்பெண்களின் தலையை மழிப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். கத்தியைப் பிடித்த கைகளே அதைக் கீழே வைத்தன. அதற்கும் முன்பு, 1863-இல், கருவுற்ற கைம்பெண்கள் அஞ்சாமல் வந்து பிள்ளை பெற்றுச் செல்ல ஜோதிராவ் புலே புனேயில் ஓர் இல்லத்தைத் திறந்திருந்தார். நாவலாசிரியர்கள் முடிவு தேடித் தடுமாறிய இடத்தில், தெருவில் விடைகள் பிறந்துகொண்டிருந்தன.

தமிழில்

‘தி இந்து’ நாளிதழை நிறுவியவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்துவைத்தார். உறவினரும் சாதியாரும் அவரை ஒதுக்கினார்கள். மூன்றாண்டுகள் கழித்து, 1892-இல், இருபது வயது அ. மாதவையா ‘விவேக சிந்தாமணி’ இதழில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்ற தொடரைத் தொடங்கினார். அது முடிவடையாமலே நின்றுபோனது. 1903-இல் அதையே ‘முத்துமீனாக்ஷி’ என்ற நூலாக அவர் முழுமைப்படுத்தினார். இங்கும் கதை சொல்பவள் இளங்கைம்பெண்தான். ஆனால் அவள் சாகவும் இல்லை, காசிக்குப் போகவும் இல்லை. மறுமணம் செய்துகொண்டு வாழ்கிறாள்.

கலைநுட்பத்தில் பங்கிமின் நாவல்களோடு ‘முத்துமீனாக்ஷி’யை ஒப்பிட முடியாது. ஆனால் கைம்பெண்ணை உயிரோடு விட்டுவைப்பது எவ்வளவு அரிதான இலக்கியச் செயலாக அன்று இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டபின், இந்தச் சிறிய நூலின்மேல் எனக்குப் பெரிய மரியாதை ஏற்படுகிறது. முத்துமீனாக்ஷியின் முடிவு நிகழக்கூடியதாக இருப்பதற்குக் காரணம் அவள் துணிவு மட்டுமன்று. இழப்பதற்கு நிலமோ குழந்தையோ இல்லாத இளம்பெண் அவள். மூன்று குழந்தைகளோடும் ஐந்து காணி நிலத்தோடும் இருந்த முப்பது வயதுக் கைம்பெண்ணின் மறுமணத்தை மையமாக வைத்து அந்தக் காலத்து நாவல் எதையும் நான் படித்ததில்லை. சட்டம் எவளுக்கு விலை வைத்ததோ, அவளைக் கதையும் விட்டுவிட்டது.

சட்டம் பின்னர் சென்ற வழி

1. 1937: இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம், மிதாட்சரக் கூட்டுக் குடும்பத்திலும் கணவனின் பங்கைக் கைம்பெண்ணுக்குக் கொடுத்தது. ஆனால் அதே ஆயுள்கால உரிமையாகத்தான்.

2. 1955: இந்துத் திருமணச் சட்டம் பலதார மணத்தை நாடு முழுவதும் இந்துக்களுக்குத் தடைசெய்தது. சூர்யமுகியின் பிரச்சினைக்கு எண்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த பதில் இது.

3. 1956: இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பதினான்காம் பிரிவு, பெண்ணின் கையிலிருந்த ஆயுள்கால உரிமையை முழு உரிமையாக மாற்றியது. கணவனின் சொத்து ஒருமுறை அவளுக்கு வந்துவிட்டால், பிறகு அவள் மறுமணம் செய்துகொண்டாலும் அது அவளுடையதே.

4. 1983: செயலிழந்து கிடந்த 1856-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலிருந்தும் நீக்கப்பட்டது.

இவற்றுக்குப் பிறகும் பழைய பிரிவின் ஓர் எச்சம் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ளேயே இருபத்து நான்காம் பிரிவாக ஒட்டிக்கொண்டிருந்தது. கணவனை இழந்த மருமகளோ சகோதரன் மனைவியோ, மாமனாரின் அல்லது மைத்துனனின் சொத்து பங்குக்கு வரும் நாளுக்கு முன் மறுமணம் செய்திருந்தால், அந்தச் சொத்தில் அவளுக்குப் பங்கில்லை என்றது அது. மகள்களுக்குப் பிறப்புரிமை தந்த 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் குறிப்பிடாமல் விடும் ஒரு வரி, இந்த இருபத்து நான்காம் பிரிவு நீக்கப்படுகிறது என்பது.